துருவுக்கு மேல் பெயின்ட்

"இன்னும் எவ்வளவு நேரம்தான் சுரண்டுவே? சட்டுபுட்டுனு பெயின்ட்டை அடிச்சு முடி!"

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியக் கரையில் கடல் மீட்புக் குழுவுக்குக் கேப்டன் நோரீன். தொண்டன் செமிசி சுட்டுக் கொண்டுவந்த, இறைச்சி அடைத்த 'மீட் பை' பண்டத்தைக் கடித்தபடியே பெயின்ட் டப்பாவைத் திறந்துவிட்டாள்.

மீட்புப் படகின் டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்த செமிசி, கம்பி பிரஷ்ஷை நிறுத்தவில்லை. போன மாதம் தொண்டராகச் சேர்ந்த பேக்கரிக்காரன்.

"துருவுக்கு மேல அடிச்சா, அது உள்ளேயே தின்னுட்டிருக்கும் கேப்டன். இரும்பு பளிச்சுனு தெரியணும். உப்பைக் கழுவிக் காயவிட்டு, பிரைமர் அடிச்சு, அப்புறம்தான் பெயின்ட்."

"ரொட்டி சுடுறவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்! யாருக்காக இவ்வளவு மெனக்கெடுறே? போன ஜூலைக் குளிர்ல ஒரு இரும்புப் படகு மூழ்குச்சு. அந்தத் தாடிக்காரனைக் காலரைப் பிடிச்சு மேலே இழுத்தேன். நன்றின்னு ஒரு வார்த்தை வரணுமே! ஆம்புலன்ஸ்ல போனவன் போனவன்தான்."

"படகு ஏன் மூழ்குச்சாம்?"

"அடித்தகடு துருப்பிடிச்சு ஓட்டை. அந்த முட்டாள் அதுக்கு மேலேயே பெயின்ட் பூசி வச்சிருந்தான்!"

"முட்டாளேதான்."

செமிசி வெளியே வந்தான். மழித்த மோவாயில் துருத்தூள் ஒட்டியிருந்தது.

"நன்றி சொல்ல நாலு தடவை இந்த வாசல் வரைக்கும் வந்தேன் கேப்டன். வெறும் வாயால சொல்லிட்டுப் போக மனசு வரல."

நோரீன் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு டப்பாவை இறுக்கி மூடினாள். இன்னொரு கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் நுழைந்தாள்.

"எந்தப் பக்கம் பாக்கி?"