கூட்டுவதற்குத் தடையில்லை

கல்லூரி நூலகத்தில் மூன்று மணிக்குப் படம் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், துப்புரவுப் பணியாளர் செங்கமலம் நூலகர் முன்னால் வந்து நின்றார்.

“சார், இந்தப் படத்துல ஒரு ஊர்வலம் வரும். எங்க வீட்டுக்காரரு கொடி புடிச்சிட்டு நடப்பாரு. அவரு போயி ஆறு வருசமாச்சு, ஒரு போட்டோகூட இல்ல.”

“மாணவர், ஆசிரியர் மட்டுந்தான் பாக்கலாம்னு படத்தோட லைசென்ஸ்ல இருக்கும்மா.”

நூலகர் தணிகாசலம் பதினான்கு பக்க உரிமத்தை மூன்றாம் முறையாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கூட்டக் கூடாதுன்னு எங்கயும் போடல. உள்ள வந்து கூட்டுங்க.”

ஒன்றரை மணி நேரம் செங்கமலம் ஒரே இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஊர்வலம் வந்தது; துடைப்பம் நின்றது. படம் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னும் குப்பை இருக்கும்மா,” என்று அலுப்போடு சொல்லிவிட்டு, தணிகாசலம் ரிமோட்டை எடுத்துப் படத்தை அந்த ஊர்வலத்திலேயே உறைய நிறுத்தினார்.