முகூர்த்தப் புடவை

தறித் தெருத் திருவிழாவில் பெண்கள் தாங்கள் நெய்த புடவையைக் கட்டித்தான் கும்மியடிப்பார்கள். தையல்நாயகி நெய்தது எதுவும் வீட்டில் தங்கியதில்லை. மணப்பெண்ணுக்கு முன் யாரும் கட்டக்கூடாத முகூர்த்தப் புடவை ஒன்று, மறுநாள் கொடுப்பதற்காக மடித்து வைத்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு, தறியில் நாடா எறிவதுபோல் கைவீசி வியர்க்க வியர்க்க ஆடினாள்.

ஆட்டம் ஓய்ந்ததும் ஒரு கை அவள் முந்தானையைத் தொட்டது. மணப்பெண்ணின் தாய்.

"நெய்யுறவங்களுக்கு என்னம்மா, தினம் கல்யாணந்தான். எங்களுதும் இதே மாதிரிதானே?"

"ஆமாங்க. இன்னும் தறியிலதான் இருக்கு."

"தறியிலயே பாத்துட்டுப் போறேன்."

தையல்நாயகி முன்னே நடந்தாள். வெறுந்தறி கிடந்த தன் வீட்டின் வாசலில், சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"சாவி தொலைஞ்சிருச்சா, கண்ணு?" என்றாள் அந்த அம்மாள், கரிசனமாக.