கன்னத்து வேர்வை

புருஷனின் காதுக்குக் கீழே இருந்தது கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னதும் பொற்கொடி வராந்தாவிலேயே அழுதாள். உமிழ்நீர்ச் சுரப்பியோடு கட்டியை எடுத்த பிறகு தணிகாசலத்துக்கு, நாக்கு ஊறினால் இடது கன்னம் மட்டும் வேர்த்தது. கல்யாணமானதிலிருந்து சாப்பாட்டை ஒரு வார்த்தை பாராட்டாத மனிதர். இப்போது அவள் கன்னத்தைப் பார்த்தே இன்னொரு கரண்டி ஊற்றுகிறாள். புளிக்குழம்புக்கு முத்து முத்தாக வேர்த்தது. வெண்டைக்காய்க்கு ஒரு பொட்டுகூட இல்லை.

"இத்தனை வருஷமா இதை ஏன் முழுங்கினீங்க?"

ஆபரேஷனுக்குப் பிறகு கோணிய உதட்டோடு சிரித்தார்.

அடுத்த செக்கப்பில் டாக்டர், "ஒரு ஊசி போட்டா வேர்வை நின்னுடும்" என்றார்.

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டாம் டாக்டர்," என்றார் தணிகாசலம். "இவ பார்க்கணும்."