டெலனி மேடத்தின் கையெழுத்து

நான் நீட்டிய உறையில் கட்டியிருந்த நாடாவைப் பார்த்ததுமே டெலனி மேடம் அதைத் தொடமாட்டேன் என்று இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“பச்சை. அது எதிர்வீட்டுச் சங்கத்து நிறம். அவங்க வாசல்லயே போய்க் குடு.”

அவிழ்த்தேன். அந்த முடிச்சு அவிழ்வதற்குள், ஜூலை வெயில் தணிந்து அலபாமா முழுக்க இலையுதிர்காலமே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

பல்கலைக்கழகம் திறக்கிற வாரத்தில் மாணவிகள் நடத்தும் ‘சகோதரிகள் சங்கங்கள்’ புதுப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு சங்கத்துக்கும் வெள்ளைத் தூண் வைத்த ஒரு மாளிகை. பழைய உறுப்பினர் ஒருவர் பரிந்துரை எழுதித் தராவிட்டால் வாசல் பாயைக்கூட மிதிக்க முடியாது.

நான் சேர உயிரை விட்டுக்கொண்டிருந்த மாளிகைக்கு எங்கள் ஊரிலிருந்த ஒரே பழைய உறுப்பினர் டெலனிதான். இன்றைக்கு ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு.

உறையைப் பிரித்தார். என் புகைப்படங்கள் இரண்டு. கூடவே என் பெருமைகள்.

தேவாலய விருந்தில் ஐயாயிரம் பேருக்குக் கோழி பொரித்ததாக எழுதியிருந்தேன்.

“அறுபது” என்று திருத்தினார்.

வெள்ளத்தில் நாற்பது நாய்களைத் தோளில் சுமந்து கரை சேர்த்ததாகவும் எழுதியிருந்தேன்.

“ஒண்ணு. அதுவும் பூனை.”

நான் பாடினால் தேவாலயத்துக் கண்ணாடி விரிசல் விடும்.

“இது மட்டும் நிஜம்.”

பேனா நின்றது. அவர் அதை மூடிவிட்டால் என் கதை அங்கேயே முடிந்தது. நான் கொண்டுபோன பாலாடைக்கட்டி பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார்.

“அங்க உன்னப் பாத்துச் சிரிப்பாங்க. தாங்குவியா?”

“முதல் நாள் சிரிப்பாங்க மேடம். மறுநாள் எம்பக்கத்துல உக்கார்றதுக்கு ஒருத்தி முடிய ஒருத்தி பிடிச்சுச் சண்டை போட்டுக்குவாங்க.”

“யார் யாரை எடுத்தாங்கன்னு சொல்ற அன்னிக்கு, எல்லாரும் கூவிக்கிட்டே புல்வெளியில ஓடணும். ஓடுவியா?”

“பறப்பேன்.”

அவர் சிரிக்கவில்லை. பரிந்துரைப் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தார்: விண்ணப்பிப்பவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?

என் நெஞ்சு அடித்த அடியில் மேலே மின்விசிறி ஆடியது. சத்தியமாக ஆடியது.

மேடம் குனிந்து, சொல்லிச் சொல்லி எழுதினார்.

“எனக்கு நடக்கக் கத்துக்குடுத்தவங்க. என்னப் பெத்துக்கறதுக்காக, பத்தொம்பது வயசுல காலேஜ விட்டுட்டு வந்தவங்க. இப்பத் திரும்பிப் போறாங்க.”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“நீ ஏழு மாசக் குழந்தையிலயே நேரா ஓட ஆரம்பிச்சதாப் போடு.”

என் மகள் டெலனி மூக்கை உறிஞ்சினாள். அதைத் திருத்தாமல் அப்படியே எழுதினாள்.