கல்யாணத்துக்குப் போகிற பெண்

அறையில் இருப்பவர்கள் பெரியப்பா, தம்பி மனைவி, அவள் மகள், குடியேறிகளுக்கு உதவும் சங்கத்திலிருந்து வந்த அக்கா. மகள் இங்கேயே தங்கக் கேட்ட மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. கைக்குழந்தையாக இங்கே வந்தவள், நினைவிலேயே இல்லாத நாட்டுக்கு நாளை போக வேண்டும். சன்னல் வெயில் திறந்த பெட்டிக்குள் விழுகிறது. அக்கா மடித்து வைக்கும் துணிகளைத் தாய் பிரித்துப் பிரித்து மறுபடி மடிக்கிறாள். “அங்க குளிருமா பெரியப்பா?” அவளைத் தோளில் தூக்கி வந்தவருக்கே அது மறந்துவிட்டது. மகள் வீட்டுச் சாவியைக் கழற்றி அவர் கையில் வைக்கிறாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள். “கல்யாணப் பொண்ணு கிளம்பியாச்சா? எங்களுக்கெல்லாம் விருந்து கிடையாதா?” மானத்துக்கு அஞ்சித் தெருவெல்லாம் அப்படிச் சொல்லிவைத்தவர், சாவியை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். “கல்யாணம் இல்லம்மா. இவளை நாடு கடத்துறாங்க.”