நாலு விரல் கீழே

மாதக்கணக்கில் விலைபோகாத கோவில்பத்து ஃபிளாட்டில், ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க மலர்க்கொடியிடம் காசு இருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிற சுவர் அது. கணவர் குணசேகரன் இருந்தவரை, தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு அங்கே சாய்ந்துதான் பேப்பர் படிப்பார். இரண்டு கோட் வெள்ளையையும் மீறி, மத்தியான வெளிச்சத்தில் அந்தக் கறை மஞ்சளாக ஊறி வருகிறது. “பிரைமர் அடிச்சாதான் போவும்க்கா, வாங்கியாந்துடுறேன்” என்கிறான் பெயிண்டர் கதிரவன். “சீக்கிரம் வாங்க தம்பி, சாயங்காலம் வீடு பாக்க ஆளு வருது.” பைக் சத்தம் தேய்ந்து மறைகிறது. மலர்க்கொடி கறைக்கு நேர் கீழே உட்கார்ந்து, மெல்லப் பின்னால் சாய்கிறாள். அவர் உயரத்துக்கு எட்டவில்லை. நாலு விரல் கீழே, ஈர வெள்ளையில், காலையில் எண்ணெய் வைத்த அவள் தலை பதிகிறது.