சத்தமில்லாத இந்திப் படங்கள்

ஆறு ஒட்டியாயிற்று. ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. காலையிலிருந்து ஸ்டூலில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் பின்னே வலிக்காதா.

எல்லாம் பழைய இந்திப் படப் போஸ்டர்கள். ஒன்றில் மழையில் நனைந்த வெள்ளைச் சேலை. ஒன்றில் ரயிலும் துப்பாக்கியும். இன்னொன்றில் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டிருக்க, நடுவில் அவர்களுடைய அம்மா அழுதாள். எழுத்து ஒன்றுகூடப் படிக்க வரவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் எது தலை, எது கால் என்று தெரிந்துகொண்டு ஒட்டினாள்.

கணவர் நாற்காலிக்கு அடியில் குனிந்து ஒயர் செருகிக்கொண்டிருந்தார். ஹோம் தியேட்டர் அவருடைய பத்து வருஷ ஆசை. சாயங்காலம் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள்.

இது அவளுடைய அம்மா இருந்த அறை.

ஆறு வருஷம் இருந்தாள். போன புரட்டாசியில் போய்ச் சேர்ந்தாள். கட்டில் போய் மெத்தை நாற்காலிகள் வந்துவிட்டன. அம்மா தரையில் உட்கார்ந்து தலை சாய்த்த இடத்தில் சுவரில் தேங்காயெண்ணெய்க் கறை மட்டும் இருந்தது, ஓர் உள்ளங்கை அளவுக்கு. இரண்டு முறை பெயின்ட் அடித்தும் மெல்ல மேலே வந்துவிட்டது.

"அதுக்கு மேலயே ஒட்டீரு. மறைஞ்சுக்கும்" என்றார் அவர்.

பிறகு தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்.

"எல்லாத்தையும் இந்திப் படமா எதுக்கு வாங்கினேன்னு நீ கேக்கவே இல்லையே. அத்தைக்கு இந்திப் படம்னா உசுரு. அவங்க நெனப்பா இருக்கட்டுமேன்னுதான்."

நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம்.

அம்மாவுக்கு இந்தி தெரியாது.

வந்த புதிதில் அவள் தமிழ்ப் படம்தான் பார்த்தாள். காது கொஞ்சம் மந்தம். சத்தமாக வைத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ஹாலிலிருந்து எழுந்து வந்து இந்த அறையின் கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. சாத்தினார், அவ்வளவுதான். இன்று கேட்டால் அவருக்கு ஞாபகமே இருக்காது.

மறுநாளிலிருந்து டிவியில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்றுகூட இல்லை.

படம், இந்தி.

ஏம்மா இப்படி என்று இவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"தமிழ்னா என்ன பேசறாங்கன்னு கேக்கோணும்னு இருக்கும் கண்ணு. இதுன்னா சத்தம் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவளும் சிரித்தாள்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா அன்றைய படத்தின் கதையைச் சொல்வாள். வாயசைவைப் பார்த்து அவளே கட்டிய கதை. எந்தப் படமானாலும் கடைசியில் மகன் வந்து அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவர் சாதத்தைப் பிசைந்தபடி ஆர்வமாகக் கேட்பார்.

அண்ணன் ஆறு வருஷத்தில் இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் காபி குடித்துவிட்டுத் தனியாகத்தான் திரும்பினான்.

சத்தம் வைத்துக்கொள்ளம்மா என்று இவள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. வேலைக்குப் போய் வந்து, சமைத்து, துணி மடித்து, அலுத்து விழுகிறவளுக்கு வீடு அமைதியாக இருந்தது பிடித்திருந்தது. யாருக்கும் யாரோடும் மனஸ்தாபம் வரவில்லை. அம்மாவுக்கு இந்திப் படம்தான் பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொன்னவளே இவள்தான்.

அவரிடமும்.

இப்போது சொல்லலாம். அன்றைக்குக் கதவைச் சாத்தினீர்களே என்று ஆரம்பிக்கலாம். ஆரம்பித்தால் அது அவரோடு நிற்காது, தன்னிடம் வந்துதான் முடியும்.

ஏழாவதை ஒட்டினாள். கறைக்கு ஒரு சாண் மேலே.

அவர் அதைக் கவனிக்கவில்லை. ரிமோட்டோடு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். புதுக் கதவு, உள்ளே பஞ்சு வைத்தது. இங்கே இடியே விழுந்தாலும் ஹாலில் ஒரு பொட்டுச் சத்தம் கேட்காது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான்.

திரை வெளிச்சமானது. ஏதோ ஓர் இந்திப் படம். நான்கு சுவரிலிருந்தும் ஒரே சமயத்தில் யாரோ பேசினார்கள்.

நாற்காலி அத்தனையும் காலியாக இருக்க, அவள் போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தித் தலையைப் பின்னால் சாய்த்தாள். கறை சரியாக எட்டியது.

"சத்தம் பத்துமா?" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை புரியவில்லை. சுவர் அதிர்வது மட்டும் பின்னந்தலையில் தெரிந்தது.

"பத்தாதுங்க. இன்னுங் கொஞ்சம் வைங்க."

அவர் சந்தோஷமாக ஏற்றினார்.

"இப்ப?"

"இன்னும்" என்றாள்.